முளையிலே தெரியுமா?



மலர்க்குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவர் மெஸ் வாசலில் என்னைப் பிடித்து, "தம்பி, ஒரு கட்டுரை கொடு. நட்பு, தாய்ப்பாசம், கணினி யுகம் எல்லாம் வந்தாச்சு. வேற ஏதாவது எழுது" என்றார். "பேஸ்பால் பத்தி எழுதட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "சினிமாவுல வில்லன் ஆளுங்க கையில வெச்சிருப்பானுங்களே, அந்தக் கட்டையா?" என்றார். அதே கட்டைதான். ஆனால் அமெரிக்காவில் அதை வைத்துப் பந்தும் அடிக்கிறார்கள். நீங்களும் சிரித்துவிட்டுப் படியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விஷயத்துக்கு வருமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இந்த ஆண்டு துறைகளுக்கிடையேயான வாலிபால் போட்டிக்கு எங்கள் மெக்கானிக்கல் அணியின் கேப்டன் நான். ஆள் எடுப்பதற்கு ஒரு சாயங்காலம் வைத்தோம். முதலாமாண்டுப் பையன்கள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். வரிசையில் நிற்க வைத்து, உயரமானவர்களை ஒரு பக்கமாக ஒதுக்கினேன். ஒரு பையன் எல்லோரையும் விடக் குள்ளம். காலில் ஷூ இல்லை. நாங்கள் அடித்த ஸ்மாஷ்களில் மூன்றைத் தரையில் விழுந்து எடுத்தான். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டும், "உயரம் பத்தாது தம்பி, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அவன் களத்தில் நின்றது பத்து நிமிஷம்கூட இருக்காது. "சரிங்கண்ணா" என்று தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

நாங்கள் அரையிறுதியில் தோற்றோம். எப்படித் தோற்றோம் தெரியுமா? எங்களிடம் உயரமான ஆறு பேர் இருந்தார்கள். எதிரணி மெதுவாகத் தட்டிவிட்ட பந்துகளைக் குனிந்து எடுக்க ஆள் இல்லை.

அந்த வாரம்தான் ஹாஸ்டலில் சீனியர் ஒருவர் லேப்டாப்பில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற படம் போட்டார். 2014-இல் வந்தது. ஏ.ஆர்.ரகுமான் இசை என்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். உண்மைக் கதை. 2008-இல் இந்தியாவில் ஒரு போட்டி நடத்தி, வேகமாகவும் குறி தவறாமலும் பந்து எறிகிறவர்களைத் தேடினார்கள். உத்தரப்பிரதேசத்துப் பையன்கள் இருவர் தேறினார்கள். ஒருவர் ரிங்கு சிங், லாரி டிரைவரின் மகன். மற்றவர் தினேஷ் படேல். இருவரும் ஈட்டி எறிகிறவர்கள்; பேஸ்பாலை அதுவரை கையில் தொட்டதில்லை. (நம் கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு, இவர் வேறு.) அவர்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

படம் அங்கே கைதட்டலோடு முடிந்துவிட்டது. எனக்கோ அதற்கப்புறம் என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும். தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பாதிப்புதான் இந்தக் கட்டுரை.

பண்ணை

அமெரிக்கப் பெரிய லீக்கில் அணிகள் 30. ஒவ்வொரு அணிக்கும் கீழே அதன் பொறுப்பில் சின்ன அணிகள் உண்டு. கீழிருந்து மேலே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படி. 2021-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு பெரிய அணிக்கு நான்கு வீதம் மொத்தம் 120 சின்ன அணிகள். இவற்றுக்கும் கீழே புதுமுகங்களுக்கான லீக்குகள் அரிசோனா, புளோரிடா மாநிலங்களிலும் டொமினிக்கன் குடியரசு நாட்டிலும் நடக்கின்றன. இந்த ஏற்பாடு முழுவதற்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் பண்ணை. விதைத்து, தண்ணீர் ஊற்றி, விளைந்ததும் மேலே கொண்டுபோவது.

இதை முறையாகக் கட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. 1920-களில் செயின்ட் லூயி கார்டினல்ஸ் அணியை நடத்தியவர். அந்த அணியிடம் பணம் குறைவு. பேர் வாங்கிய ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகள் வாங்கிப்போய்விடும். "வாங்க முடியாவிட்டால் வளர்த்துக்கொள்வோம்" என்று சின்ன ஊர் அணிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1926-இல் அந்த ஏழை அணி உலகத் தொடரையே வென்றது. இதே ரிக்கிதான் பிறகு புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போய், பெரிய லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்றிருந்த காலத்தில் ஜாக்கி ராபின்சனைச் சேர்த்தார். ராபின்சனும் நேரே மேலே போய்விடவில்லை. 1946 முழுவதும் மான்ட்ரியலில் இருந்த பண்ணை அணியில் ஆடி, 0.349 சராசரி எடுத்துக் காட்டிவிட்டுத்தான் 1947-இல் மேலே போனார்.

அந்த 0.349 என்றால் என்ன? பத்துத் தடவை அடிக்க வந்து மூன்று தடவை நன்றாக அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்தால் அது 0.300. அதுவே அங்கே பெரிய பேர். அதாவது பத்துக்கு ஏழு தடவை தோற்பவர் நட்சத்திரம்! நம்ம ஊரில் நூற்றுக்கு முப்பது என்றால் அரியர்.

பண்ணை என்றதும் எனக்கு என் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். அப்பா மாட்டுச் சந்தையில் தரகர். மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். சின்ன வயதில் சந்தைக்கு என்னையும் கூட்டிப்போவார். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். ஒருமுறை சொன்னார்: "பல்லு போட்ட மாட்டுக்கு எவன் வேணாலும் விலை சொல்லுவான். பல்லு போடாத கன்னுக்குச் சொல்றதுதாண்டா கஷ்டம்."

பேஸ்பால் அணிகள் வைத்திருக்கும் ஆள் தேடிகள் எல்லோரும் பல்லு போடாத கன்றுக்கு விலை சொல்கிறவர்கள்தான். ஸ்கவுட் என்று பெயர். பள்ளிக்கூடம் முடித்த பையனை, நம் வயதுப் பையனைப் பார்த்து, இவன் 25 வயதில் எப்படி ஆடுவான் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும்.

இரண்டு எண்

எப்படிச் சொல்கிறார்கள்? ஐந்து விஷயம் பார்க்கிறார்கள். மட்டையில் பந்து படுகிறதா, பட்டால் தூரம் போகிறதா, ஓட்டம் எப்படி, பந்தைப் பிடிக்கும் விதம், எறியும் கையின் பலம். பந்து எறியும் பிட்சர் என்றால் கணக்கு வேறு. வேகம், வளைவு, ஏமாற்றும் மெதுப்பந்து, குறி என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். கையில் ஸ்டாப்வாட்ச் எப்போதும் இருக்கும். அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓட வலது கை ஆட்டக்காரருக்கு 4.3 வினாடி என்றால் நடுத்தரம். 4 வினாடிக்கு வந்தால் ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. 100-க்கு அல்ல. 20-இல் ஆரம்பித்து 80-இல் முடியும் அளவுகோல். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. புள்ளியியலில் நாம் படிக்கும் திட்ட விலக்கம்தான் அடிப்படை. ஒரு விலக்கத்துக்குப் பத்து மதிப்பெண். 60 நல்லது. 70 அபூர்வம். 80 ஒரு தலைமுறைக்குச் சில பேர்.

இதுவரை படித்தபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. அடுத்ததைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் ஒவ்வொரு திறமைக்கும் ஒரு எண் போடுவதில்லை. இரண்டு எண் போடுகிறார்கள்! முதல் எண், இன்றைக்கு எப்படி இருக்கிறான். இரண்டாவது எண், வளர்ந்தால் எப்படி இருப்பான். 18 வயதுப் பையனுக்கு 'அடிக்கும் திறன்: இன்று 30, நாளை 55' என்று எழுதுவார்கள். 30-ஐப் பார்த்து அவனைத் தள்ளுவதில்லை. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க வைக்கத்தான் பண்ணையே இருக்கிறது.

நம் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒரு பத்திதான் இருக்கிறது.

எண்ணைப் படிக்கும் விதம்

ஒரு பையன் பண்ணையில் ஆட ஆரம்பித்ததும் சராசரி, அது இது என்று நிறைய எண்கள் வந்துவிடும். அந்த எண்களை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முதலில் வயது. டபுள்-ஏ படியில் பெரும்பாலும் 23, 24 வயதுக்காரர்கள். அங்கே 19 வயதுப் பையன் ஒருவன் 0.260 எடுத்தால், 25 வயதுக்காரன் எடுக்கும் 0.300-ஐ விட அதை மதிப்பார்கள். தன்னை விட ஐந்து வயது பெரியவர்களிடம் தாக்குப்பிடிக்கிறானே!

இரண்டாவது மைதானம். டிரிபிள்-ஏ அணி இருக்கும் அல்புகர்க்கி நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே. காற்று லேசு, அடித்த பந்து கூடுதலாகப் பறக்கும். அங்கே அடிக்கும் ஹோம் ரன்னில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். அங்கே அடி வாங்கும் பிட்சருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் நின்று எடுத்த மார்க் என்பதும் கணக்கில் சேர்த்திதான்.

மூன்றாவது, எந்த எண் ஆளுடையது, எந்த எண் அதிர்ஷ்டத்துடையது என்று பிரிப்பது. அடித்த பந்து ஆள் இல்லாத இடத்தில் விழுவது ஓரளவு அதிர்ஷ்டம். ஆனால் தப்பான பந்தை அடிக்காமல் விடுவதும், நல்ல பந்தைத் தவற விடாமல் இருப்பதும் அவனுடைய கண். அதனால்தான் ஒருவன் எத்தனை தடவை அடிக்க முடியாமல் அவுட் ஆனான், எத்தனை தடவை பொறுமையாக நின்று இலவசமாகத் தளம் வாங்கினான் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை உதாரணம் காட்டுகிறேன். மைக்கேல் ஜோர்டான்! ஆம், கூடைப்பந்து ஜோர்டான்தான். கூடைப்பந்தை விட்டுவிட்டு, 1994-இல் 31 வயதில் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற டபுள்-ஏ அணியில் பேஸ்பால் ஆடினார். 127 ஆட்டம். சராசரி 0.202. அடிக்க முடியாமல் அவுட் ஆனது 114 தடவை. ஹோம் ரன் 3. உலகமே சிரித்தது. ஆனால் அதே தாளில் வேறு எண்களும் உண்டு. பொறுமையாக நின்று இலவசத் தளம் வாங்கியது 51 தடவை. தளம் திருடி ஓடியது 30 தடவை. பள்ளி நாட்களுக்குப் பிறகு மட்டையே பிடிக்காத ஒருவர், நேரே டபுள்-ஏ பந்தைச் சந்தித்துச் செய்தது இது. அந்த ஆண்டு கடைசியில் அரிசோனாவில் தேர்ந்தெடுத்த இளைஞர்கள் ஆடும் லீக்கில் அவர் சராசரி 0.252. ஏறிக்கொண்டுதான் இருந்தது. 1995 மார்ச்சில் கூடைப்பந்துக்கே திரும்பிவிட்டார். அவர் 18 வயதில் இதைத் தொடங்கியிருந்தால் இரண்டாவது எண் எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சொன்னது பலித்ததா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். தெரிகிறதா? இவ்வளவு ஸ்டாப்வாட்ச், இவ்வளவு அனுபவம் வைத்துப் பார்க்கிறவர்களுக்காவது தெரிகிறதா?

1991-இல் நாடு முழுவதிலும் இருந்து முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் பிரையன் டெய்லர். வட கரோலினாவின் ஏழை வீட்டுப் பையன். இடது கை பிட்சர். நியூயார்க் யாங்கீஸ் அணி 15.5 லட்சம் டாலர் கொடுத்தது. 1993 டிசம்பரில் தம் சகோதரருக்காகப் போய் நின்ற ஒரு சண்டையில் இடது தோள் போயிற்று. கடைசி வரை பெரிய லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. இதை எந்த ஸ்டாப்வாட்ச் சொல்லும்?

பில்லி பீன் கதை வேறு விதம். 1980-இல் மெட்ஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்த 18 வயதுப் பையன். உயரம், ஓட்டம், கை, அழகு எல்லாம் இருந்தன. பார்த்தவர்கள் எல்லாம் மயங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு வந்தார். பெரிய லீக்கில் மொத்தம் 148 ஆட்டம், சராசரி 0.219. அவ்வளவுதான். உடம்பில் எல்லாம் இருந்தது. அவுட் ஆனால் அடுத்த பந்து வரை மனசு தாங்கவில்லை. 1990-இல் ஆடுவதை அவரே விட்டுவிட்டு, ஆள் தேடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஓக்லாந்து அணியின் மேலாளர் ஆகி, அழகைப் பார்க்காதே, தளம் சேர்கிறானா பார் என்று ஆள் எடுத்தார். 2011-இல் வந்த 'மணிபால்' படம் அவர் கதைதான். என் அப்பாவின் பாஷையில் சொன்னால், அவரை எடுத்தவர்கள் சுழியைப் பார்த்தார்கள். நடக்க விட்டுப் பார்க்கவில்லை.

அதற்காக ஆள் தேடிகள் எல்லோரும் முட்டாள்கள் என்று சொல்லிவிடாதீர்கள். 1987-இல் முதல் ஆளாக எடுத்த 17 வயது கென் கிரிஃபி ஜூனியர், சொன்னபடியே வளர்ந்து மகா ஆட்டக்காரர் ஆனார். அடுத்த ஆண்டு, 1988-இல், 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக மைக் பியாஸா என்ற பையனை டாட்ஜர்ஸ் எடுத்தது. அதுவும் திறமையைப் பார்த்தல்ல. அணியின் மேலாளர் லசோர்டாவும் பையனின் அப்பாவும் நண்பர்கள். அந்த முகத்துக்காக எடுத்தது. பியாஸா இடம் மாறி, விக்கெட் கீப்பரைப் போலப் பின்னால் உட்காரும் கேட்சர் வேலையைப் பண்ணையில் கற்றுக்கொண்டு, மொத்தம் 427 ஹோம் ரன் அடித்தார்.

2016-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஆட்டக்காரர்கள் இரண்டே பேர். ஒருவர் கிரிஃபி, மற்றவர் பியாஸா. முதல் ஆளும் 1,390-ஆவது ஆளும் ஒரே நாளில், ஒரே மேடையில்! இந்த ஒரு செய்திக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது.

இப்போது குள்ளமான ஒருவரின் கதை. வெனிசுவேலா நாட்டில் மராக்காய் என்ற ஊர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அங்கே ஆள் எடுக்க வந்தது. ஹொசே அல்டூவே என்ற 16 வயதுப் பையன் போனான். உயரம் ஐந்தரை அடி. வயதைப் பொய் சொல்கிறான், இவ்வளவு குள்ளமாக இருந்தால் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவனை அவன் அப்பா, "நாளைக்கும் போ" என்று சொல்லி அனுப்பினார். பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மறுநாள் போனான். அன்றைக்கு ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். 2007-இல் 15,000 டாலருக்கு ஒப்பந்தம். அந்தத் தொழிலில் அது சில்லறைக் காசு. 'பேஸ்பால் அமெரிக்கா' பத்திரிகை ஆண்டுதோறும் வெளியிடும் நம்பிக்கைக்குரிய 100 இளைஞர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்ததே இல்லை. 2011-இல் பண்ணையில் 0.389 அடித்து, டிரிபிள்-ஏ படியில் நிற்காமலே மேலே போனார். அடுத்து வந்த ஆண்டுகளில் மூன்று முறை லீக்கிலேயே அதிகச் சராசரி. 2017-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'மறுநாள் போனான்.' என் பையன் மறுநாள் வரவில்லையே! ஏன் வரவில்லை என்று யோசித்தேன். அவன் வீட்டில் யாராவது "நாளைக்கும் போ" என்று சொல்லியிருப்பார்களா?

விளையாத பயிர்

விளைந்தவர்களைப் பற்றியே எழுதினால் அது நியாயமில்லை. பெரிய லீக்கில் ஓர் அணிக்கு 26 இடம். 30 அணிக்கும் சேர்த்து 780. கீழே பண்ணையில் இருப்பவர்கள் பல ஆயிரம். ஒவ்வொரு கோடையிலும் புதிதாக 600 பேரை எடுக்கிறார்கள். அப்படியென்றால் ஏறக்குறைய அத்தனை பேரை வெளியே அனுப்பியாக வேண்டும். 22, 23 வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

இருக்கும்வரையாவது நன்றாக வைத்திருந்தார்களா என்றால், நெடுங்காலம் இல்லை. 2022-இல்கூட அடிமட்டப் புதுமுகத்துக்கு ஆண்டுக்கு 4,800 டாலர்தான். கூட்டமாக ஒரே வீட்டில் தரையில் படுத்துச் சமாளித்தார்கள். அந்த ஆண்டு அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, புதுமுகத்துக்குக் குறைந்தது 19,800 டாலர், டிரிபிள்-ஏ ஆட்டக்காரருக்கு 35,800 டாலர் என்று உயர்ந்தது. அதே ஆண்டு பெரிய லீக்கில் குறைந்தபட்சச் சம்பளமே 7,20,000 டாலர்! ஒரு படி ஏறினால் இருபது மடங்கு. அந்த ஒரு படியில் ஏறுவானா மாட்டானா என்று ஒருவர் எழுதும் எண்தான் ஒரு வீட்டின் தலையெழுத்து.

நம் ரிங்குவும் தினேஷும் என்ன ஆனார்கள்? 2009-இல் புளோரிடாவில் புதுமுக லீக்கில் ஆடினார்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியர்கள் அவர்கள்தான். 2010-இல் தினேஷை அனுப்பிவிட்டார்கள். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார். பிறகு கையில் காயம், அறுவை சிகிச்சை, வரிசையாகச் சில ஆண்டுகள் வீண். 2018-இல் பேஸ்பாலை விட்டு மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய், டி.வி.யில் வீர் மகான் என்ற பெயரில் வந்தார். படத்தில் வந்த கைதட்டலுக்கு அப்புறம் நடந்தது இது. நான் இதைத் தோல்வி என்று நினைக்கவில்லை. பேஸ்பாலைப் பார்த்தே இராத ஒருவர் 20 வயதில் ஆரம்பித்து அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறார். முதல் எண்ணிலிருந்து அவர் கடந்த தூரத்தைப் பாருங்கள்!

எனக்குப் போட்ட இரண்டு எண்

முதலாமாண்டு முதல் செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். வகுப்பில் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. வீட்டில் "அரியர்" என்றால் என்னவென்று தெரியாது. "பாஸா பெயிலா?" என்று அப்பா கேட்டார். "எழுதலாம்ப்பா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை. சந்தைக்கே வந்துவிடலாம் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

அந்தச் சமயம் ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' இணைப்பு செய்துகொண்டிருந்தோம். நான் அரம் போட்டுக் கொடுத்த துண்டை ஒர்க் ஷாப் சார் வாங்கி, இரண்டையும் பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இடைவெளியில் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தது. "பத்துக்கு நாலு" என்றார். திரும்பப்போன என்னைக் கூப்பிட்டு, "டேய், அரத்தை நேரா தள்ற. கை ஆடல. இந்தக் கைக்கு எட்டு வரும். நாளைக்கு மத்தியானமும் வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் மத்தியானமும் போனேன். வாரம் பூராவும் போனேன். எட்டு வரவில்லை, ஏழரை வந்தது. ஆனால் சந்தைக்குப் போகவில்லை. மூன்று அரியரில் இரண்டை முடித்துவிட்டேன். கணிதம் இன்னும் பாக்கி.

பேஸ்பால் படித்த பிறகுதான் சார் எனக்கு என்ன செய்தார் என்று விளங்கியது. இன்று 4, நாளை 8. இரண்டு எண் போட்டார். அதோடு "நாளைக்கும் வா" என்றும் சொன்னார். அல்டூவேக்கு அதைச் சொல்ல அப்பா இருந்தார். என் அப்பாவுக்கு என் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவருக்கு இந்த இடம் தெரியாது. நம்மில் பாதிப் பேருக்கு வீட்டில் இந்த இடம் தெரியாது. அப்போது யார் சொல்வது? எனக்கு சார் சொன்னார். அந்தக் குள்ளப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது "அடுத்த வருஷம் பாக்கலாம்."

போன மாதம் அவன் அறையைத் தேடிப்போனேன். இல்லை. சாயங்காலம் ஆனால் ஒரு பரோட்டாக் கடைக்கு வேலைக்குப் போகிறான், ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருவான் என்றார்கள். காத்திருந்தேன். வந்தான். "தம்பி, நான் அன்னிக்குச் சரியாப் பாக்கல. லிபரோன்னு ஒரு இடம் இருக்கு. பின்னால நின்னு பந்து எடுக்கறதுதான் வேலை. உயரம் வேண்டாம். வர்றியா?" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "சாயங்காலம் முடியாதுங்கண்ணா. வீட்டுக்குப் பணம் அனுப்பணும். ஞாயித்துக்கிழமை காலையில வேணா வர்றேன்" என்றான். அன்றைக்கு, போட்டிக்கு முன்னால், அவனுக்கு இந்த வேலை இல்லை. நேரம் இருந்தது. அந்த நேரத்தை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

இரண்டு ஞாயிறு வந்திருக்கிறான். கண் நல்ல கண். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்னே அவன் கால் கிளம்பிவிடுகிறது.

அடுத்த ஆண்டு கேப்டனாக வருபவருக்குக் கொடுக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். வருகிற பையன்கள் பெயருக்கு எதிரே இரண்டு பத்தி. முதல் பத்தியைப் பேனாவாலும் இரண்டாவதைப் பென்சிலாலும் எழுத வேண்டும் என்று முதல் பக்கத்தில் குறித்திருக்கிறேன். ஒரே நாள் பார்த்து எழுதக் கூடாது, குறைந்தது மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றும் குறித்திருக்கிறேன். முதல் பெயர் அவனுடையது. இன்று 40. நாளை 60.

பரோட்டாக் கடைக்காரர் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் விட்டால் 65 போடலாம். கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இவண்,
இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்